திறந்த பெட்டியும் பிரிந்த காற்றும்

1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் போர்டு கம்பெனியார் தங்கள் மாடல்-டி மோட்டாரின் பின்புறத்தில் ஒரு சிறிய எஃகுப் பெட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை வாங்கிய அமெரிக்கக் குடியானவன் எதிர்பார்த்ததெல்லாம் தானிய மூட்டைகளையும் பால் பாத்திரங்களையும் சந்தைக்கு ஏற்றிச் செல்ல ஓர் இடம் என்பதுதான். கரடுமுரடான மண்சாலையில் மெல்லச் சென்ற அந்த வண்டிக்குக் காற்று ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அதன் பிறகு சாலைகள் மாறின, எஞ்சின்கள் மாறின, வேகம் இரண்டு மூன்று மடங்காகப் பெருகியது. ஆனால் பிக்கப் என்று பெயர் பெற்ற அந்த வண்டியின் உருவம் மட்டும் அடிப்படையில் அப்படியே நின்றுவிட்டது: முன்னால் நிமிர்ந்த முகம், நடுவில் கூரையிட்ட கேபின், பின்னால் வானத்தைப் பார்த்துத் திறந்த பெட்டி. குடியானவனின் தேவைக்காக உண்டான இந்த உருவத்தை, இன்று பெட்டியில் ஒரு மூட்டையும் இல்லாமல் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் செல்வோர் அந்த நாட்டில் லட்சக்கணக்கானோர். அவர்கள் பெட்ரோலுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதையும், அதில் எவ்வளவை மீட்க முடியும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் விசாரிப்போம்.

காற்றுக்கு எடை உண்டு என்பதை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும், அநுபவத்தில் அதை மறந்தே வாழ்கிறோம். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோகிராம் எடையுள்ளது. பெரிய பிக்கப் வண்டி ஒன்றை நேர் எதிரே நின்று பார்த்தால், அது மறைக்கும் பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அந்த வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் முன்னேறுகிறது. ஆகவே ஒவ்வொரு விநாடியும் 84 கன மீட்டர், அதாவது சுமார் 100 கிலோகிராம் காற்று அதற்கு வழிவிட்டாக வேண்டும். இந்தக் காற்றை எவ்வளவு நயமாக வண்டி ஒதுக்குகிறது, ஒதுக்கியதை எவ்வளவு நயமாக மறுபடியும் சேரவிடுகிறது என்பதை விஞ்ஞானிகள் ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அதற்கு இழுவைக் குணகம் என்று பெயர். ஒரு கனசதுரத்துக்கு அந்த எண் 1.05, உருண்டைக்கு ஏறக்குறைய 0.47, தலை பருத்து வால் நீண்டு மெலிந்த துளி வடிவத்துக்கு 0.05 அல்லது அதற்கும் குறைவு. பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் 0.4-ஐ ஒட்டியே இருக்கின்றன.

உதாரணமாக 0.42 என்ற குணகமும், 2200 கிலோகிராம் எடையும் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதை எதிர்த்துத் தள்ளும் விசை சுமார் 580 நியூட்டன். அந்த விசையை வென்று செல்ல மட்டும் 16 கிலோவாட், பழைய கணக்கில் 22 குதிரைச் சக்தி, இடைவிடாமல் தேவைப்படுகிறது. சக்கரங்கள் உருளுவதற்கு டயர்கள் தரும் தடையோ 215 நியூட்டன்தான். அது வேகத்தோடு அதிகமாக மாறுவதுமில்லை. காற்றின் தடை அப்படியன்று. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகிறது; அதை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. இந்த வண்டியில் இரண்டு தடைகளும் சமமாக நிற்கும் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில் அமைகிறது. அதற்குக் கீழே டயரின் ஆட்சி, மேலே காற்றின் ஆட்சி. நூறு கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 10 லிட்டர் பெட்ரோல் செலவாகிறதென்றால், அதில் 7 லிட்டர் காற்றை விலக்குவதற்காகவே எரிகிறது. ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு உருவத்தைத் திருத்துவதால் பெரிய பலன் ஏதும் இல்லை என்பதும், நெடுஞ்சாலையே கதியென்று ஓடும் வண்டிக்கு அதைவிடப் பயனுள்ள வேலை வேறு இல்லை என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

இனி, காற்று ஏன் தடுக்கிறது என்ற கேள்வி. முன்னால் மோதுவதால் தடுக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் முற்றிலும் தவறன்று, ஆனால் உண்மையின் சிறு பாதியே அது. 1752-இல் பிரெஞ்சுக் கணித மேதை டலம்பேர், பிசுபிசுப்புச் சற்றும் இல்லாத ஒரு திரவத்தில் மூழ்கிச் செல்லும் பொருளுக்கு எவ்வளவு தடை உண்டாகும் என்று கணக்கிட்டு, விடை பூஜ்யம் என்று கண்டு தாமே திகைத்துப்போனார். முகத்தில் அழுத்தி முன்னேற்றத்தைத் தடுக்கும் திரவம், வடிவத்தைச் சுற்றி வந்து முதுகில் சேர்ந்து, அதே அளவு அழுத்தத்தோடு பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது என்பது அந்தக் கணக்கின் பொருள். அநுபவமோ அதற்கு நேர் விரோதமாக இருந்தது. இந்தப் புதிர் ஒன்றரை நூற்றாண்டு அவிழாமலே கிடந்து, 1904-இல் ஹைடல்பெர்க் நகரில் கூடிய கணித அறிஞர் மகாநாட்டில் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானியர் வாசித்த ஒரு சிறு கட்டுரையால் அவிழ்ந்தது. பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய படலமாக ஓடும் காற்று உராய்வினால் தன் வேகத்தை இழந்துவிடுகிறது. பின்புறத்தில் அழுத்தம் ஏறிவரும் திசையை எதிர்த்துச் செல்ல அதற்குத் திராணி போதாமல், பரப்பை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்குகிறது. பிரிந்த காற்று முதுகில் சேர்ந்து தள்ளுவதில்லை. முகத்தில் உயர்ந்த அழுத்தம், முதுகில் தாழ்ந்த அழுத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை.

பாலத்தின் தூணைக் கடந்து செல்லும் ஆற்று நீர் தூணுக்கு முன்னால் அமைதியாக விலகி, பின்னால் நுரைத்துச் சுழியிடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதியும். எஞ்சினிலிருந்து புறப்படும் சக்தி அந்தச் சுழிகளுக்கே போய்ச் சேர்கிறது. ஆகையால், வண்டியின் மூக்கைக் கூராக்குவதில் மட்டும் கவனம் செலுத்துவோர் பாதி வேலையைக்கூடச் செய்தவராகார். பறக்கும் யந்திரத்தைப் பற்றி முதன்முதலில் முறையாகச் சிந்தித்த ஆங்கிலேயர் ஜார்ஜ் கேலி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, டிரௌட் என்னும் மீனின் உடலைக் குறுக்கு வாட்டத்தில் பல இடங்களில் அளந்து பார்த்தார். தலைப்பக்கம் சீக்கிரம் பருத்து, வால் பக்கம் நிதானமாக மெலியும் அந்த உருவத்தையே மிகக் குறைந்த தடையுள்ள வடிவமாக அவர் கருதினார். பிற்காலத்துச் சோதனைகள் அவரை மெய்ப்பித்தன.

பிக்கப் வண்டியின் துர்ப்பாக்கியம் இங்கேதான் இருக்கிறது. அதன் கூரை உச்சியை எட்டிய கையோடு, மெலிவதற்கு இடமே கொடாமல், கேபினின் பின்சுவராகச் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. கூரையின் மீது ஒழுங்காக ஓடிவந்த காற்று அந்த விளிம்பில் பிடிப்பை இழந்து பிரிகிறது. அதற்குக் கீழே திறந்த பெட்டி. பெட்டியின் முடிவில் மறுபடியும் ஒரு செங்குத்துச் சுவர் போலப் பின்கதவு. அந்தக் கதவைப் பார்த்த மாத்திரத்தில், காற்று அதில் வந்து மோதித் தடுக்கத்தானே செய்யும், அதை இறக்கிவிட்டால் காற்று தாராளமாக வெளியே போகாதா என்ற எண்ணம் எவருக்கும் எழும். அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக வண்டியோட்டிகள் பின்கதவைத் தாழ்த்தியபடியே நெடுஞ்சாலையில் சென்றார்கள். கதவுக்குப் பதில் வலை மாட்டி வைத்தவர்களும் உண்டு. அவர்களுடைய யோசனை அறிவுக்குப் பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் காற்று அந்த யோசனைப்படி நடப்பதில்லை.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கெவின் கூப்பர், பிக்கப் வண்டிகளைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்து, 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைக்கு, பின்கதவை மேலேயே வைத்திருங்கள் என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். காரணம் இதுதான். கூரை விளிம்பில் பிரிந்த வேகக் காற்று நேரே பின்கதவின் உட்புறத்தில் போய் அறைவதில்லை. பெட்டிக்குள் ஒரு பெரிய காற்றுத் திரள் சிறைப்பட்டு மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. மேலே ஓடும் வேகக் காற்று அந்தத் திரளின் முதுகின் மீது வழுக்கிக்கொண்டு கதவைத் தாண்டி, பின்னால் கீழ்நோக்கி இறங்குகிறது. மூடிய கதவு அந்தத் திரளைத் தாங்கி நிற்கும் அணை. கதவை இறக்கிவிட்டால் அணை உடைகிறது, திரள் நிலைகுலைகிறது, கேபினின் பின்சுவரின் மீதுள்ள அழுத்தம் மேலும் தாழ்ந்து, வண்டியைப் பின்னோக்கி இன்னும் பலமாக இழுக்கிறது. கதவின் மீது குறைந்த தடையைவிடச் சுவரின் மீது கூடிய இழுப்பு அதிகமாகிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு வஸ்துவின் நடத்தையைக் கண்ணுக்குப் புலப்படும் பொருள்களின் நடத்தையைக் கொண்டு ஊகிப்பதிலுள்ள அபாயத்துக்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியின் வாயைத் தட்டையான மூடியால் மூடிவிட்டால், அது தார்ப்பாய்த் துணியாயினும் கெட்டிப் பலகையாயினும், சுழலும் திரளுக்கு இடமே இல்லாமற்போய்த் தடை ஓரளவு குறைகிறது. ஆயினும் கேபினின் பின்சுவர் அப்படியே நிற்பதால் கூரை விளிம்பில் காற்றுப் பிரிவது நிற்பதில்லை. நோயின் மூலத்துக்கே மருந்து வேண்டுமானால், கூரை விளிம்பிலிருந்து பின்கதவின் மேல் விளிம்பு வரை சரிந்து இறங்கும் ஒரு கூரையைப் பெட்டியின் மீது கட்ட வேண்டும். கேபினின் உச்சி பின்கதவைவிட அரை மீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் இருக்கிறது, பெட்டியின் நீளம் 2 மீட்டரானால் சரிவு 15 பாகை அளவில் அமையும், பெட்டி 1.7 மீட்டராகக் குறுகியிருந்தால் 18 பாகைக்குப் போய்விடும். இந்தச் சில பாகைகளில்தான் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன. 1984-இல் ஜெர்மனியில் அகமது என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும், மோட்டாரின் சாயலில் செய்த எளிய மாதிரி உருவமொன்றின் பின்புறச் சரிவைப் பலவாறு மாற்றி அளந்தார்கள். சரிவு 12 பாகையை ஒட்டி இருக்கையில் தடை மிகக் குறைவாகவும், அதற்குமேல் படிப்படியாக ஏறி, 30 பாகையில் உச்சத்தை அடைவதாகவும் கண்டார்கள். சரிவு இவ்வாறு மிகும்போது காற்று இரண்டு பக்கங்களிலும் முறுக்கேறி, பலத்த நீர்ச்சுழி போன்ற இரட்டைச் சுழல்களாக வண்டியைப் பின்தொடர்கிறது. ஆகவே, கூரையிலிருந்து சட்டென்று மடக்காமல், முதலில் ஏறக்குறையக் கிடையாக வந்து, போகப்போகச் சற்று அதிகமாக வளைந்து இறங்கும்படி அந்த மூடியை அமைப்பதும், பெட்டி குறுகியதாயின் அதன் கடைசி விளிம்பைப் பின்கதவுக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுவதும் விவேகம்.

வால் முழுவதும் கூராக முடிந்தால்தான் பலன் என்ற கவலையும் வேண்டியதில்லை. 1930-களில் ஸ்டட்கார்ட் நகரில் வூனிபால்ட் காம் என்ற பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும், மெலிந்துகொண்டே வரும் வாலை நடுவில் வெட்டிவிட்டாலும் பெரும் பலன் கைவிட்டுப் போவதில்லை என்று காட்டினார்கள். காற்று பிரியாமல் வரும் வரையில் மெலியவிட்டு, பிறகு கூர்மையான விளிம்போடு முடித்துவிடுவது அவர்கள் முறை. சாலையில் மற்ற வண்டிகளோடு கலந்து ஓட வேண்டிய பிக்கப்புக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

இந்தத் துறையின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் நடந்தது. அங்கே, எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில், பின்னர் டிரைடன் என்று பெயர் பெற்ற நாஸாவின் ஆராய்ச்சி நிலையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியியல் நிபுணர் வேலை செய்துவந்தார். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று ஆராய்வது அந்த நிலையத்தாரின் தொழில். 1973-இல் அராபிய நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி, அமெரிக்காவில் பெட்ரோலுக்கு நீண்ட வரிசைகள் உண்டான காலம். சைக்கிளில் வேலைக்குச் செல்லும் சால்ட்ஸ்மன், பெரிய லாரி ஒன்று தம்மைக் கடக்கும்போதெல்லாம், அதன் முகம் தள்ளிய காற்று முதலில் தம்மைச் சாலையோரப் புதர்களை நோக்கி ஒதுக்குவதையும், அதன் வால் கடந்து போகையில் தம்மைச் சாலையை நோக்கி இழுப்பதையும் உடலால் உணர்ந்தார். தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் செலவாகும் சக்தி லாரியின் எண்ணெய்த் தொட்டியிலிருந்துதானே வர வேண்டும் என்று அவர் எண்ணியதன் விளைவாக, ஒரு போர்டு வேன் வண்டியைச் சுற்றிலும் அலுமினியத் தகடு அடித்து, எல்லா மூலைகளும் செங்கோணமாக அமைந்த ஒரு பெட்டியாக அதை ஆக்கி, பிறகு அந்த மூலைகளை ஒவ்வொன்றாக உருட்டி உருட்டிச் சோதித்தார்கள். செங்குத்து மூலைகளை மட்டும் வளைவாக்கியபோது காற்றின் தடை நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. கிடை மூலைகளையும் வளைத்தபோது 54 பங்கு குறைந்தது. வண்டியின் உள்ளே இழந்த இடமோ நூற்றுக்கு 3 பங்குதான். மெலியும் வால் ஒன்றைப் பொருத்தியதில் மேலும் 15 பங்கு அளவில் பலன் கிடைத்தது. ஆகாய விமான சாஸ்திரத்தின் உச்சியில் நின்றவர்கள் ஒரு தகரப் பெட்டியை இவ்வளவு சிரத்தையோடு ஆராய்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது, விஞ்ஞானத்தின் மீது மதிப்பு இன்னும் பெருகுகிறது.

பிக்கப்பின் அடிப்பாகம் இன்னொரு பெரிய செலவாளி. எண்ணெய்த் தொட்டி, அச்சு, புகைக் குழாய், குறுக்குச் சட்டங்கள் என்று கரடுமுரடாகத் தொங்கும் எல்லாவற்றிலும் காற்றுப் புகுந்து அலைமோதுகிறது. முன் பம்பருக்குக் கீழே ஒரு தட்டைத் தொங்கவிட்டால் அந்தக் காற்றில் பெரும்பகுதி பக்கங்களுக்குத் திரும்பிவிடும். ஆனால் தட்டு அளவுக்கு மீறி இறங்கினால் அதுவே புதிய தடையாகிவிடும். 2019-ஆம் ஆண்டு மாடலாக வந்த ராம் 1500 வண்டியில் இந்தத் தட்டு, மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தானாகவே இறங்கிக்கொள்கிறது. அந்த வண்டிக்கு 0.357 என்ற குணகத்தைக் கம்பெனியார் அறிவித்தார்கள்; திறந்த பெட்டியுள்ள வண்டிக்கு அது மிக மெச்சத்தக்க எண். கைத்திறனுள்ள அமெரிக்க வண்டிக்காரர்கள் தாங்களாகவே அடித்தட்டு அமைக்கும்போது, தேர்தல் காலத்தில் வீட்டு முற்றங்களில் நட்டுவைக்கும் விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் நெளி பிளாஸ்டிக் அட்டையைத் தேடிப் பிடிக்கிறார்கள். மலிவானது, கத்தியால் வெட்டலாம், வளைக்கலாம். ஆனால் புகைக் குழாய்க்கும் அதிலுள்ள வாயு சுத்திகரிப்புக் கலத்துக்கும் அருகே அதைக் கொண்டுபோகலாகாது. தீ விபத்துக்கு இடமாகும். அங்கே அலுமினியத் தகடே தகும். ரேடியேட்டரின் முன்வாயை ஓரளவு அடைத்து வைப்பதும் பலன் தரும், எஞ்சினின் வெப்பமானியைக் கண்காணித்துக்கொண்டே செய்வதானால்.

கூரை விளிம்பில் சிறு சிறு பற்களை ஒட்டிக்கொள்வது, கோல்ப் பந்தில் உள்ளவை போன்ற குழிகளை வண்டியெங்கும் பதிப்பது முதலிய உபாயங்களில் நம்பிக்கை வைப்பதற்கில்லை. கோல்ப் பந்தின் குழிகள், அதன் மீதுள்ள அமைதியான படலத்தைக் கலக்கிவிட்டு, அது பிரிவதைத் தாமதப்படுத்துகின்றன. பெரிய உருவமும் மிகுந்த வேகமும் உள்ள வண்டியின் மீதோ படலம் முன்பே கலங்கியிருக்கிறது. காற்று எங்கே பிரியும் என்பதையும் செங்குத்தான விளிம்பே நிர்ணயித்துவிடுகிறது.

செய்த திருத்தம் பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது? தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைப் பெட்ரோல் அளவால் வகுத்துப் பார்ப்பது எல்லோரும் கைக்கொள்ளும் வழி. அதைப்போல ஏமாற்றுவதும் வேறில்லை. காற்றின் அடர்த்தி உஷ்ணத்தால் மாறுகிறது. உறைபனிக் காலத்தில் ஒரு கன மீட்டருக்கு 1.29 கிலோகிராமாக இருப்பது, 30 பாகை வெயிலில் 1.16 ஆகிவிடுகிறது. குளிர்காலத்தில் அளந்துவிட்டு, மூடி மாட்டிக் கோடையில் அளப்பவர், மூடியே இல்லாவிட்டாலும் பத்தில் ஒரு பங்கு குறைந்த தடையைக் கண்டு மகிழ்ந்துபோவார். டிரைடன் நிலையத்தார் கையாண்ட முறையே இதற்கு உத்தமம். சமதளச் சாலையில், காற்றடிக்காத வேளையில், வண்டியை வேகமாக ஓட்டி, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, அது தானே வேகம் குறைவதைக் கடிகாரத்தால் அளப்பது. நாம் உதாரணமாக எடுத்துக்கொண்ட வண்டி 100 கிலோமீட்டரிலிருந்து 90-க்கு இறங்கச் சற்றேறக்குறைய 8 விநாடி ஆகும். காற்றின் தடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது 9 விநாடியை நெருங்கும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட டயர்களின் முழுத் தடைக்குச் சமமான விசையை உண்டாக்கிவிடும் ஆகையால், ஒரே சாலையில் இரண்டு திசைகளிலும் பலமுறை ஓட்டிச் சராசரி காண்பது அவசியம். காற்று எங்கே ஒட்டி ஓடுகிறது, எங்கே பிரிகிறது என்பதைக் காண, கம்பளி நூல் துண்டுகளை வரிசை வரிசையாக ஒட்டி, பக்கத்தில் இன்னொரு வண்டியிலிருந்து படம் பிடிப்பார்கள். ஒட்டி ஓடும் இடத்தில் நூல்கள் படிந்து கிடக்கும், பிரிந்த இடத்தில் தலைவிரித்தாடும்.

காற்றின் தடை நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் செலவு ஐந்து அளவில்தான் குறைகிறது என்பது இத்துறையில் பழகியவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மீதியில் ஒரு பகுதி, டயர்களின் தடை மாறாததால் போவது. இன்னொரு பகுதியை எஞ்சினே விழுங்கிவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் இலேசான பாரத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு ஓடும்போது, அதன் திறமை தாழ்ந்துவிடும் இயல்புடையது. உருவத்தை நன்கு திருத்தியவர்கள் அதனால்தான் அடுத்தபடியாகப் பின் அச்சின் பற்சக்கரங்களின் மேல் கை வைக்கிறார்கள். 3.73 என்ற விகிதத்தை 3.31 ஆக்கினால், அதே வேகத்துக்கு எஞ்சின் நூற்றுக்கு 11 சுற்றுக் குறைவாகச் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட நிறைவான பாரத்தை ஏற்கிறது. பாரமான படகையோ குதிரைகளை ஏற்றிய வண்டியையோ பின்னால் கட்டி மலைப்பாதையில் இழுத்துச் செல்வோருக்கு இந்த மாற்றம் ஏற்றதன்று. அவர்கள் பழைய விகிதத்தையே வைத்துக்கொண்டு, சரிந்த கூரையையும் அடித்தட்டையும் மட்டும் பொருத்திக்கொள்வதே தகும்.